கோச்சிங் கற்க எந்த வழி: புத்தகமா, பயிலரங்கா, சான்றிதழா, மூவர் குழுவா?

டீமை நடத்துகிறவர் தன்னிடம் வேலை பார்க்கிறவர்களை வளர்த்தெடுக்கவும் வேண்டும் என்று இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் எதிர்பார்க்கின்றன. கூகுள் தன் மேனேஜர்களை வைத்து நடத்திய 'புராஜெக்ட் ஆக்சிஜன்' ஆய்வில், சிறந்த மேனேஜர்களிடம் காணப்பட்ட பழக்கங்களின் வரிசையில் முதலில் வந்தது 'நல்ல கோச்சாக இருக்கிறார்' என்பது. அதாவது, தீர்வைத் தானே சொல்லிவிடாமல், கேள்வி கேட்டு, பதிலைக் கவனித்துக் கேட்டு, எதிரில் இருப்பவரே தன் வழியைக் கண்டுபிடிக்க உதவுகிறவர். தொழில்நுட்ப அறிவு அந்த முதல் பட்டியலின் கடைசியில் நின்றது. ஆனால் இந்தத் திறனை எங்கே, எப்படிக் கற்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. புத்தகங்கள் இருக்கின்றன. இரண்டு நாள் பயிலரங்குகள் நடக்கின்றன. மாதக்கணக்கில் நீளும் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. நாமே ஒரு கோச்சிடம் போகலாம், சக மேனேஜர்களோடு சேர்ந்தும் பழகலாம். செலவிலும் நேரத்திலும் பலனிலும் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பயிற்சி நிறுவனங்கள் இவற்றை வகுப்பு நேரத்தாலும் சான்றிதழின் பெயராலும் ஒப்பிடச் சொல்லும். நான் வைக்கும் அளவுகோல் வேறு. நீங்கள் ஒருவரிடம் நிஜமாகப் பேசுவதை இன்னொருவர் எத்தனை நிமிடம் கவனித்துக் கேட்டு, கேட்டதை உங்களிடம் திருப்பிச் சொல்லப் போகிறார்? ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியால் அளந்து பாருங்கள். விலை உயர்ந்தது எப்போதும் முன்னால் நிற்காது என்பது தெரியும்.

ஏன் இந்த அளவுகோல் என்பதை ஓர் உரையாடலில் காட்டுவது எளிது. வாராந்திர ரிப்போர்ட்டை மூன்று வாரமாகத் தாமதமாகத் தரும் ஒருவரிடம் டீம் லீடர் பேசுகிறார்.

"ரிப்போர்ட் லேட்டாகிட்டே இருக்கே, என்னாச்சு?"

"டேட்டா எனக்கு வர்றதே வியாழக்கிழமை சாயங்காலம்தான் சார்."

"அப்போ புதன்கிழமையே அவங்களுக்கு ஒரு ரிமைண்டர் போட்டுடலாமே?"

"போடலாம் சார்."

"சரி, அடுத்த வாரத்துல இருந்து போட்டுடுங்க."

டீம் லீடரைக் கேட்டால், 'நான் கேள்விதானே கேட்டேன், முடிவை அவங்களே ஒத்துக்கிட்டாங்க' என்பார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. 'போட்டுடலாமே' என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை என்பது பேசுகிறவர் காதில் விழாது, அவ்வளவுதான். இப்போது அதே உரையாடல், ஒரே ஒரு மாற்றத்தோடு.

"டேட்டா எனக்கு வர்றதே வியாழக்கிழமை சாயங்காலம்தான் சார்."

"ம்."

மூன்று நொடி யாரும் பேசவில்லை.

"நானும் ரிமைண்டர் போட்டுட்டுதான் இருக்கேன் சார். அவங்க மேனேஜர் அதே நேரத்துல வேற அவசர வேலை கொடுத்துடறார். நான் சொன்னா எடுபட மாட்டேங்குது."

"எடுபடணும்னா என்ன பண்ணலாம்னு தோணுது?"

"நீங்க ஒரு வார்த்தை பேசினா... இல்ல, முதல்ல நானே நேர்ல போய், இந்த ரிப்போர்ட்டை மேல யாரெல்லாம் பார்க்கறாங்கன்னு அவர்கிட்ட சொல்லிப் பார்க்கறேன். அப்பவும் நடக்கலேன்னா உங்ககிட்ட வர்றேன் சார்."

முதல் உரையாடலில் அவர் 'போடலாம் சார்' என்றபோதே, ஏற்கெனவே செய்து பலிக்காத ஒன்றைத் திரும்பச் செய்வதாக ஒப்புக்கொண்டுவிட்டார். பிரச்சினை அப்படியே இருக்கும், நான்காவது வாரமும் ரிப்போர்ட் தாமதமாகும். இரண்டாவதில் வித்தியாசத்தை உண்டாக்கியது அந்த மூன்று நொடி. பள்ளி வகுப்பறைகளில் இதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் யோசித்தவையாகவும் மாறுகின்றன என்று 1970-களில் அவர் காட்டினார். அலுவலக மேசையிலும் இதுவே நடக்கிறது. காத்திருக்க வேண்டும் என்று படித்தவுடன் தெரிந்துகொள்ளலாம். காத்திருந்தோமா என்பதை மட்டும் வேறொருவரோ ஒலிப்பதிவோதான் நமக்குச் சொல்ல முடியும்.

இதற்கு வலுவான சான்று பக்கத்துத் துறை ஒன்றிலிருந்து கிடைக்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் ஆலோசகர்கள் கற்கும் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' முறை, திறந்த கேள்விகளையும் கவனித்துக் கேட்பதையும் எதிராளி வாயாலேயே மாற்றத்தைப் பேச வைப்பதையும் அடிப்படையாகக் கொண்டது. கோச்சிங்குக்கு மிக நெருங்கிய உறவு. இதைக் கற்பிக்கச் சிறந்த வழி எது என்று, இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் மில்லரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 140 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் ஐந்து பிரிவாகப் பிரித்துச் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு தானாகக் கற்றது. ஒரு பிரிவுக்குப் பயிலரங்கு மட்டும். மற்ற மூன்றுக்கும் பயிலரங்கோடு ஃபீட்பேக்கோ, தனித்தனிக் கோச்சிங்கோ, இரண்டுமோ சேர்ந்து கிடைத்தன. எல்லாரும் நிஜமாகப் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டுத்தான் மதிப்பெண் போட்டார்கள். பயிலரங்குக்குப் போனவர்கள் தானாகக் கற்றவர்களைவிட முன்னேறினார்கள். பயிலரங்குக்குப் பின் ஃபீட்பேக்கோ கோச்சிங்கோ கிடைத்தவர்கள் அதற்கும் மேலே போனார்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு: தங்கள் திறனைப் பற்றி அவர்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணுக்கும் ஒலிப்பதிவில் தெரிந்த திறனுக்கும் சம்பந்தமே இல்லை.

'எனக்குக் கேட்கத் தெரியும்' என்ற நம்பிக்கையை வைத்து எந்தப் பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்யக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

புத்தகமும் வீடியோவும்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். தானாகப் படிப்பது செலவு குறைந்தது, உடனே தொடங்கலாம், சொற்களும் சட்டகங்களும் பிடிபடும். உதாரணமாக, உலகெங்கும் கற்பிக்கப்படும் 'குரோ' சட்டகத்தை ஒரு மாலையில் புரிந்துகொள்ளலாம். முதலில் இலக்கு, பிறகு இப்போதைய நிலை, பிறகு என்னென்ன வழிகள், கடைசியில் எதைச் செய்யப் போகிறார் என்ற நான்கு படிகள். 1980-களில் பிரிட்டனில் ஜான் விட்மோரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதற்கு உருக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் டென்னிஸ் மைதானத்தில் டிமதி கால்வே கண்டதுதான் இதன் வேர்: எப்படி அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, பந்தைக் கவனிக்க வைத்தால் ஆட்டக்காரர் தானே திருத்திக்கொள்கிறார்.

புரிந்துகொள்வதற்கு ஒரு மாலை போதும். ஆனால் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு போகிற மேனேஜர் இந்த நான்கு படிகளைக் கேள்வித்தாள் போல வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கிறார். எதிரில் இருப்பவர் இரண்டாவது படியிலேயே கண்கலங்கினாலும் மூன்றாவது படிக்குப் போய்விடுகிறார். அதைச் சுட்டிக்காட்ட யாருமில்லை. நம் அளவுகோலில் இந்த வழிக்குக் கிடைப்பது பூஜ்யம் நிமிடம். வேறு எதையாவது செய்வதற்கு முன் படியுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

இரண்டு நாள் பயிலரங்கு

நிறுவனங்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணமும் தெளிவு: தேதி குறிக்கலாம், வருகைப் பதிவு எடுக்கலாம், இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று கணக்கும் காட்டலாம். கூடவே நிஜமான ஒரு நன்மையும் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் மேனேஜர்கள் ஒன்றாக உட்கார்ந்து கற்றால் எல்லாருக்கும் ஒரே சொற்கள் கிடைக்கின்றன. பிறகு ஒருவர் இன்னொருவரிடம் 'நீங்க இப்போ அறிவுரைக்குப் போயிட்டீங்க' என்று சொன்னால் அது குற்றச்சாட்டாகக் கேட்காது.

ஆனால் நிமிடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 21 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளில் மொத்தம் மூன்று மணி நேரம் மூன்று மூன்று பேராகப் பிரிந்து பழகச் சொல்கிறார்கள். ஏழு குழுக்கள், ஒரே பயிற்றுநர். அவர் ஒவ்வொரு குழுவிடமும் சமமாக நின்றால் ஒரு குழுவுக்குக் கிடைப்பது சுமார் 25 நிமிடம். அதில் நீங்கள் கோச்சின் இடத்தில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம். ஆக, விஷயம் தெரிந்தவர் உங்கள் பேச்சைக் கேட்பது இரண்டு நாளில் எட்டு நிமிடம். மீதி நேரமெல்லாம் ஸ்லைடும் கலந்துரையாடலும் தேநீர் இடைவேளையும். ஆகவே பயிலரங்குக்கு ஆள் அனுப்பும் முன் பயிற்றுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை பேருக்கு எத்தனை பயிற்றுநர்கள் என்பது.

அந்த இரண்டு நாளுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது அதைவிட முக்கியம். 1997-ல் வெளிவந்த ஒலிவரோ, பேன், கோபல்மன் ஆகியோரின் ஆய்வை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஓர் அரசுத் துறையின் 31 மேனேஜர்கள் முதலில் வகுப்புப் பயிற்சி பெற்றார்கள். உற்பத்தித்திறன் 22.4 சதவீதம் கூடியது. அதைத் தொடர்ந்து தனித்தனியாகக் கோச்சிங்கும் கிடைத்த பிறகு 88 சதவீதமாக உயர்ந்தது. ஆட்கள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழுவும் இல்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே நம் நிறுவனத்துக்குப் பொருத்தி எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் மில்லர் குழுவின் முடிவு சுட்டும் திசையையே இதுவும் சுட்டுகிறது. வகுப்பு தொடக்கம்தான், அதற்குப் பின் யாராவது கூட நடக்க வேண்டும்.

சான்றிதழ்ப் படிப்பு

இந்தத் துறையில் பரவலாக அறியப்பட்ட அமைப்பு 1995-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்னும் சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு. ஐரோப்பாவில் தொடங்கிய இ.எம்.சி.சி., அசோசியேஷன் ஃபார் கோச்சிங் ஆகிய அமைப்புகளும் தகுதிச் சான்று தருகின்றன. ஐ.சி.எஃப். தரும் சான்றுகள் மூன்று படிகளாக இருக்கின்றன. முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். அடுத்ததான பி.சி.சி.க்கு 125 மணி நேரப் படிப்பு, 500 மணி நேர அனுபவம். எம்.சி.சி.க்குப் போகும்போது இது 200-ம் 2,500-மாகிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பணம் கட்டும் முன் அமைப்பின் தளத்திலேயே நேரடியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தப் பட்டியலில் கண்ணில் படாமல் போகும் ஒன்று உண்டு. 10 மணி நேர 'மென்டர் கோச்சிங்'. குறைந்தது மூன்று மாத காலத்தில் பரவலாக, அனுபவமுள்ள கோச் ஒருவர் உங்கள் கோச்சிங்கைக் கேட்டு, வரையறுத்த திறன்களோடு ஒப்பிட்டுக் கருத்துச் சொல்வார். என் கணிப்பில் அந்தப் படிப்புக்குக் கட்டும் பணத்தின் பெரும் பகுதிக்கு ஈடானது இந்த 10 மணி நேரம்தான். சில படிப்புகளில் இதைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். இதில் எத்தனை மணி நேரம் தனியாக, எத்தனை மணி நேரம் குழுவாக என்பதையும் கேளுங்கள். பத்துப் பேர் குழுவில் மற்றவர்களின் கோச்சிங்கைக் கேட்பதும் பயன்தான், ஆனால் உங்கள் குரல் கேட்கப்படும் நேரம் சுருங்கிவிடும்.

ஹெச்.ஆர். அல்லது பயிற்சித் துறையில் இருந்துகொண்டு நிறுவனத்துக்குள் பல துறையினருக்கும் கோச்சாகப் போகிறவர்களுக்கும், பிற்காலத்தில் இதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர்களுக்கும் இதுதான் சரியான வழி. அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்கள் வேறு. கட்டணம் கட்டுவது நிறுவனம், எதிரில் உட்காருவது ஊழியர். ஊழியர் சொன்னதில் எதை மேலிடத்திடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை முதல் சந்திப்பிலேயே மூன்று தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். வேலையை விட்டுப் போகும் யோசனையை ஊழியர் வெளிப்படுத்தினால் என்ன செய்வது? அவருக்கு வேண்டியது மனநல மருத்துவர் என்று தோன்றினால் எங்கே நிறுத்துவது? நெறிமுறைகளை ஊன்றிச் சொல்லித்தரும் படிப்பு இல்லாமல் இந்த இடங்களில் காலடி வைப்பது ஊழியருக்கு ஆபத்து.

தன் டீமை மட்டும் நடத்தும் மேனேஜருக்கோ இந்தப் படிப்பு அளவு தப்பிய சட்டை. காரணம் படிப்பின் தரம் அல்ல, அது எந்தச் சூழலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பது. அங்கே பழகுவது முன்கூட்டியே நேரம் குறித்து, விருப்பப்பட்டு வந்த ஒருவருடன், முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ நடக்கும் சந்திப்பை. மேனேஜருக்குக் கிடைப்பது இரண்டு மீட்டிங்குக்கு நடுவே பத்து நிமிடம். போதாக்குறைக்கு எதிரில் இருப்பவரின் அப்ரைசல் இவர் கையில் இருக்கிறது. 'உங்களுக்கு என்ன தடையா இருக்கு?' என்று வெளியாள் கேட்டால் உண்மை வரும். மேனேஜர் கேட்டால் அப்ரைசலுக்குப் பாதிப்பில்லாத பதில் வரும். இந்த இடைவெளியைக் கடப்பதுதான் மேனேஜரின் தனித் திறன், அதற்கு அந்தப் படிப்பில் அதிக இடம் கிடைப்பதில்லை.

நாமே ஒரு கோச்சிடம் போவது

நான்கைந்து மாதம் நல்ல கோச் ஒருவரிடம் போய்வந்தவர்களின் பேச்சில் ஒரு மாற்றம் தெரியும். அமைதி எவ்வளவு கனமானது, நல்ல கேள்வி எப்படி உள்ளே போய்த் தைக்கிறது, அவசரப்பட்டு வந்த அறிவுரை எப்படி வாயை அடைத்துவிடுகிறது என்பதையெல்லாம் அவர்கள் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறார்கள். வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு ஆழமாகக் கிடைக்காது. ஆனால் இங்கே நீங்கள் கோச்சாக இருப்பதை யாரும் கேட்பதில்லை. அதனால் இது தனியாகப் போதாது. ஒரு யோசனை: உங்கள் சந்திப்புகளில் ஒன்றிரண்டை, டீமில் ஒருவரோடு நீங்கள் பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி எடுத்துப்போய் அலசுவதற்கு ஒதுக்க முடியுமா என்று கோச்சிடம் கேளுங்கள். ஆட்களின் பெயரை நீக்கிவிட வேண்டும். ஒப்புக்கொண்டால், ஒரே செலவில் இரண்டு பலன்.

மூவர் குழு

நான் மேனேஜர்களுக்கு முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். மூன்று பேர் சேர்கிறார்கள். ஒருவர் கோச், ஒருவர் பிரச்சினையோடு வந்தவர், ஒருவர் கவனிப்பவர். 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கருத்து. பிறகு இடம் மாறுகிறார்கள். 90 நிமிடத்தில் மூன்று சுற்றும் முடிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடினால் ஆறு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் கோச்சின் இடத்தில் நான்கு மணி நேரத்துக்கும் மேல், அதுவும் ஒரு நிமிடம் விடாமல் கவனிக்கப்பட்ட நேரம் சேர்ந்துவிடுகிறது. பயிலரங்கின் எட்டு நிமிடத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவனிப்பவர் இங்கே நிபுணர் அல்ல என்பதை மறக்கக் கூடாது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குழு பலன் தர வேண்டுமானால் சில ஏற்பாடுகளை விட்டுக்கொடுக்கவே கூடாது. மூவரும் வெவ்வேறு துறையினராக இருக்க வேண்டும், ஒருவர் இன்னொருவருக்கு ரிப்போர்ட் செய்யக்கூடாது. கொண்டுவரும் பிரச்சினை நிஜமானதாக இருக்க வேண்டும். 'நீங்க கோபக்கார ஊழியரா நடிங்க' என்று தொடங்கினால் எல்லாரும் நடிப்பில் இறங்கிவிடுவார்கள், நிஜமான தயக்கமோ நிஜமான அமைதியோ அதில் வராது. மூன்றாவது, கவனிப்பவர் கையில் பேனா இருக்க வேண்டும். கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுத வேண்டும். நல்ல குறிப்பு எப்படி இருக்கும் என்றால்:

4-வது நிமிடம்: 'ஹெச்.ஆர்.கிட்ட பேசிப் பார்த்தீங்களா?' அறிவுரை. அவர் 'இல்ல' என்றதோடு நிறுத்திவிட்டார்.

7-வது நிமிடம்: இரண்டு கேள்வி ஒன்றாக. இரண்டாவதுக்கு மட்டும் பதில் வந்தது. முதல் கேள்விதான் நல்ல கேள்வி.

11-வது நிமிடம்: 'சொன்னாலும் யாரும் கேட்கப் போறதில்ல' என்றார். நீங்கள் 'சரி, அடுத்து என்ன பண்ணலாம்?' என்று போய்விட்டீர்கள்.

12-லிருந்து 15 வரை: பெரும்பாலும் நீங்களே பேசினீர்கள்.

11-வது நிமிடக் குறிப்பு ஒன்றுக்காகவே அந்த 90 நிமிடத்தைச் செலவிடலாம். அந்த வாசகத்தில்தான் எதிராளியின் உண்மையான சிக்கல் இருந்தது. கோச் அதைத் தாண்டிப் போனது அவருக்கே தெரியாது. இப்படி இரண்டு மூன்று முறை எழுதிக் காட்டிய பிறகு, நான்காவது முறை அப்படி ஒரு வாசகம் வரும்போது அவர் தானாகவே நிற்கிறார். 'யாரும்னு சொன்னா?' என்று மெதுவாகக் கேட்கிறார்.

குறிப்பை எழுதும் முறையும் சொல்லும் முறையும் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஃபீட்பேக் பற்றிய ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த குளுகரும் டினிசியும் 1996-ல் வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. சராசரியாக ஃபீட்பேக் பலன் தருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தருணங்களில் அதற்குப் பிறகு செயல்திறன் குறைந்திருக்கிறது. கவனம் செய்யும் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'நீங்க ரொம்ப அவசரக்காரர்' என்று கவனிப்பவர் சொன்னால் கோச்சின் மனம் தன்னைக் காத்துக்கொள்வதில் இறங்கிவிடும். '7-வது நிமிஷத்துல ரெண்டு கேள்வி சேர்ந்து வந்தது' என்றால் அடுத்த முறை ஒன்றாகக் குறைக்கலாம் என்ற யோசனை வரும். கருத்துச் சொல்லும்போது முதலில் கோச் பேசட்டும், அடுத்து பிரச்சினையோடு வந்தவர், கடைசியில் கவனித்தவர். இந்த வரிசை மாறினால் கவனித்தவர் நீதிபதியாகிவிடுவார்.

குறைகளும் உண்டு. மூன்று பேரும் புதியவர்கள் என்றால் நல்ல கோச்சிங் எப்படி இருக்கும் என்பதே மூவருக்கும் தெரியாது. ஒருவர் பிழையை மற்ற இருவரும் பாராட்டிப் பழக்கமாக்கிவிடவும் கூடும். நம் அலுவலகங்களில் இன்னொன்றும் இருக்கிறது: சக ஊழியரின் முகத்துக்கு நேராகக் குறை சொல்லத் தயக்கம். வயதில் மூத்தவராக இருந்தால் இன்னும் அதிகம். 'நல்லா பண்ணீங்க அண்ணா, சின்னச் சின்ன விஷயம்தான்' என்று முடித்துவிடுவார்கள். வார்த்தைகளை அப்படியே எழுதும் பழக்கம் இந்தத் தயக்கத்துக்கும் மருந்து. குறை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, எழுதியதை வாசித்தால் போதும். முதல் குறையைத் தீர்க்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அனுபவமுள்ள கோச் ஒருவரை அழைத்து ஒரு சுற்றைக் கேட்கச் சொல்லலாம், அல்லது ஓர் ஒலிப்பதிவை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். பதிவு செய்வதற்கு மூவரின் சம்மதமும் நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு விதிகளின் அனுமதியும் வேண்டும், கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும். டீமில் இருப்பவரோடு நடக்கும் நிஜமான ஒன்-ஆன்-ஒன் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்ரைசலைக் கையில் வைத்திருப்பவர் 'ரெக்கார்ட் பண்ணலாமா?' என்று கேட்டால் மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு பேசிப் பழகலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அறிவுரையைத் திறந்த கேள்வியாக மாற்றி எழுதிப் பழக அவை உதவும். பெயரும் ரகசியமும் நீக்கிய உரையாடலைக் கொடுத்து, எங்கெல்லாம் அறிவுரை நுழைந்தது என்று கேட்டால் ஓரளவு சரியாகவே காட்டும். ஆனால் எதிரில் ஒரு மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருக்கும்போது நமக்குள் எழும் பதற்றத்தை அடக்கிப் பழக அங்கே வழியில்லை.

யாருக்கு எது

ஐந்து முதல் பத்துப் பேர் டீமை நடத்தும் மேனேஜர் என்றால் என் பரிந்துரை இது: சட்டகத்துக்காக ஒரு புத்தகம் அல்லது ஒரு குறும்படிப்பு, அதைத் தொடர்ந்து ஆறு மாதம் மூவர் குழு, நடுவில் மூன்று முறை அனுபவசாலி ஒருவரின் காது. நிறுவனம் பணம் கொடுக்கத் தயார் என்றால் அந்தப் பணத்தை அனுபவசாலியின் நேரத்துக்குச் செலவிடுங்கள், பெரிய சான்றிதழுக்கு அல்ல.

ரிப்போர்ட் செய்ய ஆளில்லாத, ஆனால் ஜூனியர்களை வளர்க்கச் சொல்லப்பட்டிருக்கும் மூத்த நிபுணருக்குக் கொஞ்சம் வேறு. அவர் வேலையில் பாதி கற்றுக்கொடுப்பது. எப்படிச் செய்வது என்றே தெரியாத ஜூனியரிடம் 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேட்டுக்கொண்டிருப்பது அவரைத் தவிக்கவிடுவதாகும். அவருக்கு முதலில் செய்துகாட்ட வேண்டும். செய்யத் தெரிந்தும் தயங்குகிறவரிடம்தான் கேள்வி வேலை செய்யும். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் இவருக்கு முதல் தேவை. இவரைவிட நன்றாக ஜூனியர்களை வளர்க்கும் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து உரையாடல்களைக் கவனிப்பது இவருக்கு எந்தப் படிப்பையும்விட உதவும், பிறகு அவரையே இவர் பேச்சைக் கவனிக்கச் சொல்லலாம்.

நிறுவனத்துக்குள் முறையான கோச்சாகப் போகிற ஹெச்.ஆர். ஊழியருக்குச் சான்றிதழ்ப் படிப்பு, கூடவே தானும் ஒரு கோச்சிடம் போவது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் படிப்பு, ஆனால் மென்டர் கோச்சிங்கில் தனி நேரம் அதிகம் தரும் படிப்பாகத் தேட வேண்டும்.

நாற்பது மேனேஜர்களுக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய பொறுப்பில் இருப்பவரா நீங்கள்? நாற்பது பேரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து இரண்டு நாளோடு முடித்துவிடாதீர்கள். ஒரு நாள் வகுப்பு போதும். இரண்டாவது நாளுக்கு ஒதுக்கிய பயிற்றுநர் கட்டணத்தை அடுத்த ஆறு மாதத்துக்குப் பரப்பி, மூவர் குழுக்களைச் சுழற்சி முறையில் வந்து கேட்க அவரைக் கேளுங்கள். குழு கூடும் 90 நிமிடத்தை மேனேஜர்களின் காலண்டரில் நிறுவனமே ஒதுக்கித் தர வேண்டும். வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது சந்திப்போடு நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து மேனேஜர்களிடம் 'திறன் வளர்ந்ததா?' என்று படிவம் கொடுத்து அளக்காதீர்கள், அந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மேலே பார்த்தோம். அவர்களின் டீமில் இருப்பவர்களிடம் பெயர் கேட்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக மேனேஜரிடம் ஒரு பிரச்சினையைக் கொண்டுபோனபோது யார் அதிகம் பேசினார்கள்? வெளியே வரும்போது அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்தது யார்?